விருந்துக்கு வந்த துப்பாக்கி

என் தம்பி குடும்பம் அமெரிக்காவிலிருந்து ராயப்பன்பட்டிக்கு வந்து இறங்கிய அன்று, எங்கள் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர், போன தடவை அவர்கள் வந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். இந்தத் தடவை கூட்டம் வந்தது தம்பியைப் பார்க்க இல்லை, அவன் மகளைப் பார்க்கவும் இல்லை. அவன் மனைவியைப் பார்க்க வந்தார்கள். அவள் துப்பாக்கிச் சூட்டில் தப்பியவள்.

அந்த வருடம் அங்கே குளிர் முடிகிற சமயத்தில், அவர்கள் ஊர் மளிகைக் கடைக்குள் ஒருவன் நீளத் துப்பாக்கியோடு நுழைந்து, கண்ணில் பட்டவர்களை எல்லாம் சுட்டான். இவள் தயிரும் கொத்தமல்லியும் வாங்கப் போயிருந்தாள். கடை வேலையாள் ஒருவர் இவளையும் இன்னும் சிலரையும் பின்னாலிருந்த குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பால் டப்பாக்களுக்கு நடுவில் நின்றிருக்கிறார்கள். சத்தம் அடங்கி வெகு நேரம் கழித்துத்தான் போலீஸ் வந்து வெளியே கூட்டிப்போனது. 'கீழே பார்க்காமல் நடங்கள்' என்று சொன்னார்களாம். இதெல்லாம் தம்பி போனில் சொல்லி எனக்குத் தெரியும். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போனபிறகு அந்தப் பெரிய வீட்டில் நான் ஒருத்திதான். அதனால் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. தட்டோடு போகும்போதும் வரும்போதும் அவர்கள் கேட்டதெல்லாம் காதில் விழுந்தது.

"எத்தன பேரு ஆத்தா செத்தாக?"

"நீ கண்ணால பாத்தியா?"

"ரத்தமெல்லாம் கெடந்துச்சா?"

கேட்ட ஒருத்தி வாயில் முறுக்கு இருந்தது. கடித்துக்கொண்டே கேட்டாள். தம்பி மனைவி சின்னமனூர்க்காரி, நம் ஊர்ப் பேச்சும் மரியாதையும் தெரிந்தவள். "ஆமா, சித்தி", "இல்ல, பெரியம்மா" என்று தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். உறவுக்காரன் ஒருவன் தன் போனை எடுத்து, வேறு எங்கோ நடந்த துப்பாக்கிச் சூட்டின் வீடியோவை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். "இந்த மாதிரியா மதினி வந்தான்?" என்றான். நான் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கினேன். "ஏன் டீச்சர், தெரிஞ்சுக்கத்தான கேக்குறோம்" என்றான் அவன். சோற்றில் முடி கிடந்தால் தொண்டையில் ஒன்று புரளுமே, அப்படி எனக்குப் புரண்டது. அந்த விடுமுறை முடியும்வரை அது இறங்கவே இல்லை.

பெண்கள் போனதும் ஆண்கள் முன்கூடத்தில் உட்கார்ந்து, இது ஏன் நடக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு மொய் கொண்டுவருவதுபோல ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்திருந்தார்கள். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் மனநோய் என்றார். ஒருவர் கம்ப்யூட்டரில் சுட்டு விளையாடும் விளையாட்டு என்றார். மாதா கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், சாயங்காலம் குடும்ப ஜெபம் இல்லாத வீட்டில் இதுதான் நடக்கும் என்றார். இன்னொருவர், "பதினெட்டு வயசானா பெத்த பிள்ளைய வெளிய அனுப்பிருவாகளாம்ல, பெறகு பாசம் எங்கன இருந்து வரும்?" என்றார். ஒவ்வொருவருக்கும் தான் ஏற்கெனவே வெறுத்துக்கொண்டிருந்த ஒன்று காரணமாகக் கிடைத்துவிட்டது. எல்லார் முகத்திலும் திருப்தி.

நான் வாசற்படியில் நின்று கேட்டேன். "கோவக்காரனும் புத்தி பேதலிச்சவனும் நம்ம கம்பத்துல இல்லையா, சின்னமனூர்ல இல்லையா? இங்கன அவனுக்கு ஆத்திரம் வந்தா அருவாளத் தூக்குறான். ஒருத்தர வெட்டுறதுக்குள்ள நாலு பேரு கல்லெடுத்து எறிஞ்சு பிடிச்சிர்றாக. அங்கன அவன் கையில இருக்கிறது வேற. அத மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீக?"

"அக்கா, துப்பாக்கி தானா எந்திரிச்சு வந்து சுடாது" என்றான் தம்பி.

"அப்படிச் சொல்லு மாப்ள!" என்று தொடையில் தட்டினார் அத்தான்.

அத்தான் என்றால் எங்கள் தாய்மாமன் மகன். மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி உள்ள ஒன்றிரண்டு பேரில் ஒருவர். காட்டுப்பன்றிக்கென்று அவர் அப்பா காலத்தில் வாங்கிய இரட்டைக் குழல். பன்றி ஒன்றும் அதில் செத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் புது கலெக்டர் வந்தாலும் புது இன்ஸ்பெக்டர் வந்தாலும் அந்தத் துப்பாக்கியைச் சொல்லித்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்வார்.

"துப்பாக்கி தானா சுடாதுன்னா, எலெக்‌ஷன் வந்ததும் உங்களுத ஏன் அத்தான் ஸ்டேஷன்ல வாங்கி வெச்சுக்கிறாக?" என்று கேட்டேன்.

"அது சும்மா சட்டத்துக்கு. உனக்கு அதெல்லாம் புரியாது."

"அங்க அது ஒரு உரிமை, அக்கா" என்றான் தம்பி. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "நானும் ஒண்ணு வாங்கிட்டேன்."

கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தான் எழுந்துபோய் அவன் தோளைத் தட்டினார். நான் தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அடுப்படி வாசலில் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் பார்வையைத் தவிர்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவனைத் தனியாகப் பிடித்தேன். "ஏன்டா இந்தப் புத்தி?" என்றேன். அவன் முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான். செய்தி கேட்டுக் கடைக்கு ஓடியிருக்கிறான். போலீஸ் கயிறு கட்டி வண்டி நிறுத்துமிடத்திலேயே தடுத்துவிட்டார்கள். இவளுக்குப் போன் அடித்திருக்கிறான், எடுக்கவில்லை. உள்ளே போன் வெளிச்சம் தெரிந்துவிடும் என்று அணைத்து வைத்திருந்திருக்கிறாள்.

"உள்ள இருந்து சுடுற சத்தம் கேக்குது. போலீஸும் உள்ள போகல. எல்லாரும் நிக்கிறோம். என் ரெண்டு கையும் சும்மா தொங்குது. அந்தக் கைய வெச்சுக்கிட்டு இனிமே தூங்க முடியாதுக்கா."

அதைக் கேட்டபோது அவன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. பொய் சொல்லவில்லை அவன். ஆனால் அந்தத் துப்பாக்கியை அவன் வாங்கிய கடை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சுட்டவன் வாங்கிய அதே கடை. அவன் வாயாலேயே சொன்னான், கடைக்காரர் நல்ல மனிதர், விலையில் குறைத்துக் கொடுத்தார் என்று. இரக்கம் வந்த இடத்திலேயே அருவருப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் மகளுக்கு ஒன்பது வயது. நாள் முழுக்க வீட்டில் அடைந்து கிடக்கிறாளே என்று, ஜூன் மாதம் எங்கள் பள்ளி திறந்ததும் ஒருநாள் அவளை என்னோடு கூட்டிப்போனேன். என் வகுப்புப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு கன்னத்தைக் கிள்ளினார்கள். அவள் சிரித்தாள். பிறகு மெதுவாக வகுப்பறையைச் சுற்றி வந்தாள். கதவை இழுத்துப் பார்த்தாள். ஜன்னல் கம்பியைத் தொட்டாள். என் மேஜைக்குப் பின்னால் குனிந்து அங்கிருந்து வாசல் தெரிகிறதா என்று பார்த்தாள். நான் ஏதோ விளையாடுகிறாள் என்று இருந்துவிட்டேன்.

"அத்தை, இந்த டோர்ல உள்பக்கம் லாக் இல்லையே."

"எதுக்கும்மா லாக்கு?"

"யாராவது வந்தா இந்தப் பொண்ணுங்கள எங்க ஒளிச்சு வைப்பீங்க?"

சின்ன வகுப்பிலிருந்தே அவளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். விளக்கை அணைப்பது, மூலையில் உட்காருவது, மூச்சுச் சத்தம் கேட்காமல் இருப்பது, அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது. யார் கூப்பிட்டாலும், தெரிந்த குரலாக இருந்தாலும், கதவைத் திறக்கக் கூடாது. நான் பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடம் வாயைத் திற, சத்தமாகச் சொல் என்று கெஞ்சுகிறவள். துப்பாக்கி விற்கிற கடையைச் சாத்த முடியாத பெரியவர்கள், பிள்ளைகளின் வாயைச் சாத்தப் பழக்குகிறார்கள்.

அதே வாரத்தில் ஒருநாள் மத்தியானம் நானும் தம்பி மனைவியும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். தெருவில் ஒரு சாவு ஊர்வலம் போனது. வேட்டுப் போட்டார்கள். நான் நிமிர்ந்தபோது அவளைக் காணோம். குளியலறைக்குள் மகளைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். ஊர்வலம் கடைசித் தெரு தாண்டும்வரை நானும் அவர்களோடு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்.

"கல்லாவுல ஒரு அம்மா இருப்பாக மதினி. வெள்ளைக்கார அம்மா. வாராவாரம் என்கிட்ட, உன் சேலை எங்க, என்னைக்குக் கட்டிக் காட்டப்போறன்னு கேப்பாக. அடுத்த வாரம் கட்டிட்டு வாரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கீழ பாக்காம நடன்னு சொன்னாக. நான் பாத்துட்டேன்."

அவ்வளவுதான். நான் அடுத்த கீரைக்கட்டைப் பிரித்து அவள் பக்கம் வைத்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தான் தோட்டத்தில் விருந்து. தம்பிக்காகக் கிடா வெட்டியிருந்தார். எங்கள் இரண்டு குடும்பத்தைத் தவிர இன்னும் சில சொந்தக்காரர்கள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே பாய் விரித்துச் சாப்பிட்டோம். பிள்ளைகள் பந்தலுக்குள் ஓடி விளையாடினார்கள். சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் வேப்பமரத்தடிக்குப் போனார்கள், அங்கே பீர் பாட்டில்கள் இருந்தன. பெண்கள் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் பாத்திரம் கழுவப் போனோம். அத்தான் வீட்டுக்குள் போய் உறையோடு அதை எடுத்துவந்ததை நான் கவனிக்கவில்லை.

முதல் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. பந்தலிலிருந்து கிளிகள் கூட்டமாகக் கிளம்பின. பழைய பந்தலின் கல்தூண்மேல் வைத்திருந்த காலி பாட்டில் சிதறியது. ஆண்கள் 'ஓ' என்று கத்தினார்கள்.

என் பக்கத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவள் தரையில் கிடந்தாள். சேற்றில் முகம் பதிய, தலையைக் கையால் மூடிக்கொண்டு, தொட்டிக்குப் பின்னால் ஊர்ந்து போய்விட்டாள். நான் ஓடிப்போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் சேலைத் தலைப்பைப் பிடித்த பிடி தளரவே இல்லை. அங்கிருந்து பார்த்த ஆண்கள் சிரித்தார்கள். நடைபழகும் குழந்தை தடுக்கி விழுந்தால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அதில் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. அத்தானின் மூத்த மகன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

தம்பி வந்தான். வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தான். "எந்திரி, ஒண்ணுமில்ல. அத்தான் சும்மா சுடுறாக."

"இங்கன கூட்டிட்டு வா மாப்ள" என்று அத்தான் குரல் கொடுத்தார். "முள்ள முள்ளாலதான் எடுக்கணும். ஒரு தடவ அவளையே சுடச் சொல்லு. பயம் ஓடிப்போயிரும்."

"விடுடா அவள" என்றேன். தம்பி கேட்கவில்லை. அவளைத் தூக்கி நிறுத்தி, தோளில் கைபோட்டு வேப்பமரத்தடிக்கு நடத்திக்கொண்டு போனான். கூடப்போன என்னை ஒருவர் "நீ சும்மா இரு டீச்சர்" என்று தடுத்தார். அத்தான் துப்பாக்கியை அவள் இரண்டு கையிலும் வைத்தார். அவள் அதைப் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. யாருடைய பிணத்தையோ கையில் கொடுத்ததுபோல நின்றாள். கன்னத்தில் சேறு. எல்லாரும் சுடு சுடு என்றார்கள்.

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பிள்ளைக எங்க?"

அப்போதுதான் தெரிந்தது. ஒரு பிள்ளையைக்கூடக் காணோம். பந்தலுக்குள் இல்லை, வீட்டுக்குள் இல்லை, புளியமரத்தடியில் இல்லை. கூப்பிட்டோம். பதில் இல்லை. அந்தத் தோட்டத்துக் கிணற்றுக்குச் சுவர் கிடையாது. யாரோ ஒருத்தி கிணற்றுப் பக்கம் ஓடி எட்டிப்பார்த்து அலறினாள். உள்ளே ஒன்றும் இல்லை, பயத்தில்தான் அலறினாள்.

எனக்கு வகுப்பறையில் தம்பி மகள் கதவை இழுத்துப் பார்த்தது நினைவு வந்தது. மோட்டார் ரூமுக்கு ஓடினேன். தள்ளினேன், கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து எதையோ முட்டுக் கொடுத்திருந்தது.

"அத்தைதாம்மா, நான்தான். கதவத் தொற."

சத்தமில்லை. அதற்குள் அவள் அம்மா வந்துவிட்டாள். அவளும் கெஞ்சினாள், அழுதாள். பெற்றவள் குரலுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. உள்ளே பிள்ளைகள் இருப்பது எங்களுக்குத் தெரிகிறது, மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்.

தம்பி ஓடிவந்து தோளால் இடித்தான். நானும் சேர்ந்து தள்ளினேன். உர மூட்டைகள் சரிந்து கதவு பாதி திறந்தது. பூச்சிமருந்து நெடி முகத்தில் அடித்தது. திராட்சைக்கு அடிக்கிற மருந்து டின்களை அந்த அறையில்தான் அடுக்கி வைப்பார்கள். டிரம்முக்குப் பின்னால் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, கடைசியில் இவள் உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் சின்னவளான பெண்குழந்தையின் வாயைப் பொத்தியிருந்தாள். நெடியில் அந்தக் குழந்தை வாந்தி எடுத்து, இவள் விரலிடுக்கு வழியாக வழிந்துகொண்டிருந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

என்னைப் பார்த்தாள். "எல்லாரும் இருக்காங்க அத்தை. நான் எண்ணிட்டேன்" என்று ரகசியமாகச் சொன்னாள்.

பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பார்த்ததும் வீறிட்டாள். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். வாசலில் என் தம்பி நின்றிருந்தான். மனைவி கையிலிருந்து வாங்கிய துப்பாக்கியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். வெளிச்சத்துக்கு முன்னால் முகம் தெரியாமல், கையில் நீளத் துப்பாக்கியோடு, கதவை இடித்துத் திறந்துகொண்டு நின்றவனைத்தான் அந்தப் பிள்ளை பார்த்தாள்.

அவன் தன் கையைப் பார்த்தான். துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டு, "அப்பாதாம்மா, அப்பாதான்" என்று உள்ளே வந்தான். அவள் சுவரோடு சுவராக நகர்ந்துகொண்டே போனாள். நான் குறுக்கே நின்று அவனை வெளியே போகச் சொன்னேன். போய்விட்டான். பந்தல் கல்லில் போய் உட்கார்ந்தவன் கிளம்பும்வரை தலை தூக்கவில்லை.

சின்னவளை வாய் கொப்பளிக்க வைத்து, காற்றாட உட்காரவைத்தோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாள். பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றதும் வேப்பமரத்தடியில் பேச்சு திரும்பிவிட்டது.

"அமெரிக்கப் பிள்ளை நல்லா ட்ரெயினிங் எடுத்திருக்கே!" என்றார் அத்தான். "நம்ம பிள்ளைகன்னா வேடிக்கை பாக்கல்ல வந்திருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். விழுந்து கிடந்த துப்பாக்கியை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "என்னத்துக்கு மூஞ்சியத் தூக்குற? பாயாசம் இருக்கு, சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். அவர் வாய் ஓரத்தில் கறிக்குழம்பின் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மூவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் பள்ளியில் ஆசிரியைகள் அறைக்குள் நுழைந்ததும் ஒருத்தி போனை நீட்டினாள். "டீச்சர், இது உங்க தம்பி வீட்டுக்காரியா?" அத்தான் மகன் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். வேட்டுச் சத்தம், பாட்டில் சிதறுவது, இவள் சேற்றில் விழுவது. விழுந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டு, மேலே சிரிக்கிற பொம்மைகள். பள்ளத்தாக்கில் பாதி ஊர் பார்த்திருக்கும். நான் அதைச் சேமித்துக்கொண்டு, அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாக உட்காரச் சொன்னார். வீடியோவைப் பார்த்தார்.

"யாராச்சும் செத்தாகளா டீச்சர்?"

"இல்ல."

"காயம்?"

"இல்ல."

"பெறகென்ன? லைசென்ஸ் இருக்கு. காட்டுப்பன்னிக்குன்னு கொடுத்ததுதான."

"பீர் பாட்டில் காட்டுப்பன்னியா சார்?"

அவர் சிரித்துவிட்டு எனக்கு டீ வரவழைத்தார். என் கண்ணுக்கு முன்னாலேயே அத்தானுக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, உங்க சொந்தக்கார டீச்சர் வந்திருக்காக, ரொம்பக் கோவமா இருக்காக" என்றார். போனுக்கு அந்தப் பக்கம் அத்தான் சிரிப்பது எனக்குக் கேட்டது. டீயைத் தொடாமல் எழுந்தேன்.

தேனி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுநாள். நான் மனு எழுதுவதைத் தம்பி பார்த்தான். "சொந்தத்துக்குள்ள இதெல்லாம் வேணாம்க்கா. எனக்கு இதுல சம்பந்தமில்ல" என்றான். குரலில் பலமில்லை. அந்தப் பிள்ளை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவனோடு ஒரே அறையில் படுக்க மறுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தம்பி மனைவி சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாரேன் மதினி."

வரிசையில் நின்று எங்கள் முறை வந்தது. மனுவை வாங்கிய அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். அமெரிக்கா என்ற வார்த்தையைப் பார்த்ததும் முகத்தில் அந்த ஆசை வந்துவிட்டது. எனக்கு இப்போது அந்த முகம் தூரத்திலேயே தெரிகிறது. "அப்படியாம்மா? அங்க எப்படி நடந்துச்சு? எத்தன பேரு..."

"அத விடுங்க சார்" என்றாள் அவள். ஊர் வந்ததிலிருந்து அவள் ஒருவரை இடைமறித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "இங்க நடந்தத எழுதிக்கோங்க. குடிச்சிருந்தாக. பிள்ளைக பக்கத்துல இருந்துச்சு. என் கையில வலுக்கட்டாயமாக் கொடுத்தாக. அங்க ஒருத்தரும் கேக்கல. இங்கயாவது கேளுங்க."

அவர் எழுதிக்கொண்டார்.

விசாரணைக்கு ஆள் வந்தது. விருந்து சாப்பிட்ட யாரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். வீடியோ என்னிடம் இருந்ததால் அது செல்லவில்லை. துப்பாக்கியை ஸ்டேஷனில் வாங்கி வைத்தார்கள். ஊரில் துப்பாக்கி சுட்டவர்மேல் யாருக்கும் கோபமில்லை, மனுக் கொடுத்தவள்மேல்தான் கோபம். கோயில் வாசலில் அத்தான் மனைவி என்னை நிறுத்தி, "பொம்பளைக்கு இம்புட்டு ஆங்காரம் ஆகாதும்மா, அதான் ஒத்தையில கெடக்குற" என்று சொல்லிவிட்டு நற்கருணை வாங்க முன்னால் போனாள். குடும்பத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். அதில் மட்டும் எனக்கு நிம்மதி.

லீவு முடிந்து தம்பி அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது, அவன் மனைவி பெட்டி கட்டவில்லை. "அது இருக்கிற வீட்டுக்கு நானும் பிள்ளையும் வரமாட்டோம்" என்றாள். அவன் கத்தவில்லை, வாதாடவும் இல்லை. தனியாகப் போனான். போன கொஞ்ச நாளில் துப்பாக்கியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். வீடியோ காலில் அலமாரியைத் திறந்து காட்டினான். காலியாக இருந்தது. அங்கே பள்ளி திறக்கும் சமயத்தில் இவர்களும் கிளம்பினார்கள்.

"நம்புறியா அவன?" என்று கேட்டேன்.

"நம்பாம என்ன செய்ய மதினி" என்றாள்.

விசாரணை முடிந்து, எச்சரிக்கை செய்து, சில மாதத்தில் அத்தானிடம் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பன்றித் தொல்லை அதிகம் என்று புதிதாக எழுதிக் கொடுத்தாராம். கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறார். என்னைக் கண்டால் தொண்டையைச் செருமுகிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, நேராகப் பார்க்கிறேன். அவர்தான் வேறு பக்கம் பார்க்கிறார்.

தம்பி மனைவி போனவாரம் ஒரு படம் அனுப்பினாள். அவர்கள் மாநிலச் சட்டசபைக் கட்டடத்துக்கு முன்னால் சில பெண்கள் அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். குளிருக்குக் கோட்டு, அதற்குக் கீழே சேலை, இவள் ஓரத்தில் நிற்கிறாள். கூட்டத்தில் பேசவே வாய் வராதவள். அவர்கள் கேட்கும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தத் தடவையும் வரவில்லையாம். உள்ளே போன ஆட்கள் இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அடுத்த மாதமும் போவோம் என்றாள்.

"அவன் வாரானா?" என்று கேட்டேன்.

"கார் ஓட்டிட்டு வந்து விடுறாக மதினி. முடியிற வரைக்கும் கார்லயே உக்காந்திருக்காக. எறங்குறதில்ல."